குதிரைக்குப் பின்னால் போய் நில்

அன்புத் தம்பிக்கு,

நீ அனுப்பிய சர்க்கஸ் படத்தை நேற்றிரவு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கூடாரம், விளக்குத் தோரணம், கைதட்டும் கூட்டம், குதிரைமேல் நிற்கும் பெண், எல்லாம் இருக்கின்றன. நிறம் உனக்கு நன்றாக வருகிறது. ஆனால் குதிரை ஓடவில்லை. உன்னிடம் இதை மழுப்ப எனக்கு மனம் வரவில்லை. தாம்பரத்தில் மின்சார ரயிலேறிப் பெரியமேட்டு ஓவியக் கல்லூரிக்குப் போகும் மற்றப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எல்லோர் முன்னிலையிலும் எழுதுகிறேன்.

பிரெஞ்சு ஓவியர் துலூஸ் லோத்ரெக் 1887-88இல் வரைந்த சர்க்கஸ் சவாரிக்காரி படத்தைத் தேடி எடுத்து வைத்துக்கொள். பாரிஸின் மோன்மார்த்ர் பகுதியில் இருந்த ஃபெர்னாண்டோ சர்க்கஸ் அது. படம் இப்போது சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கிறது. உன் குதிரை பக்கவாட்டில், காலண்டரில் நிற்பதுபோல நிற்கிறது. அவர் குதிரைக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். முதலில் கண்ணில் படுவது அதன் கனத்த பின்புறம். மேலே உட்கார்ந்திருப்பவளின் பார்வை சவுக்கோடு நிற்கும் ரிங் மாஸ்டர்மேல் இருக்கிறது. அந்த இரண்டு பேருக்கும் நடுவில் வெறும் தரை. அங்கே ஒன்றையும் வரையாமல் விட்டார் பார், குதிரை ஓடுவதற்கு இடம் அப்படித்தான் கிடைத்தது. கோமாளியின் தலையைக்கூடச் சட்டத்தின் விளிம்பில் வெட்டியிருக்கிறார். ஜப்பானிய மரச்செதுக்குப் படங்களைப் பார்த்துப் பார்த்து வந்த துணிச்சல் அது. உன் படத்தில் ஓர் அங்குலம்கூடக் காலியாக இல்லை.

லோத்ரெக் பிறந்தது குதிரையும் வேட்டையுமாக வாழ்ந்த பிரபுக் குடும்பத்தில். பதின்மூன்று, பதினான்கு வயதில் அடுத்தடுத்து இரண்டு தொடை எலும்புகளும் முறிந்தன. அதற்குப் பிறகு கால்கள் வளரவில்லை. உயரம் ஐந்தடியைத் தாண்டவில்லை. அப்பாவைப் போலச் சவாரி செய்ய முடியாத பையனுக்கு முதல் ஆசிரியராக வாய்த்த பிரென்ஸ்தோ குதிரைகளை வரைபவர், காது கேளாதவர். அந்தச் சவாரிக்காரி படத்தைப் பார்க்கும்போதெல்லாம் ஏறமுடியாத ஒருவனின் ஏக்கம் அந்தக் குதிரைக்குள் ஓடுவதாகவே எனக்குத் தோன்றுகிறது. 1899இல் அவரை மனநோய் விடுதியில் சேர்த்தார்கள். எதிரே சர்க்கஸும் இல்லை, குதிரையும் இல்லை. நினைவிலிருந்தே சர்க்கஸ் காட்சிகளை வரிசையாக வரைந்து, தன் புத்தி தெளிவாக இருக்கிறது என்று மருத்துவர்களுக்குக் காட்டினார். எத்தனை காலம் பார்த்திருந்தால் கைக்கு அப்படி ஒரு நினைவு வரும்!

நீ போனில் இருந்த போட்டோவைப் பார்த்து வரைந்திருக்கிறாய் என்று நினைக்கிறேன். போட்டோவில் குதிரைக்குக் கனம் இருக்காது.

நம் ஊர்ப் பொய்க்கால் குதிரை ஆட்டத்தை யோசித்துப் பார். இடுப்பில் கட்டிய கூட்டில் குதிரைக்குக் கால் கிடையாது. ஆடுபவர் மரக்காலில் நிற்கிறார். ஆனாலும் குதிரை பாய்கிறதே, எப்படி? அவருடைய தோளில், கடிவாளத்தை இழுத்துப் பிடிக்கும் மணிக்கட்டில். உன் சவாரிக்காரியின் தோள் பொம்மைத் தோளாக இருக்கிறது. குதிரையின் காலைத் திருத்துவதற்கு முன்னால் அந்தத் தோளைத் திருத்து.

ஓவியர் ஸூராவின் ‘சர்க்கஸ்’ படமும் உனக்குப் பிடிக்கும் என்று தெரியும். புள்ளி புள்ளியாக வைத்த படம். 1891இல் அதை முடிக்காமலே முப்பத்தொரு வயதில் இறந்துபோனார். அதில் வரும் குதிரை மிதக்கும். அழகுதான், இப்போதைக்கு அதன் பக்கம் போகாதே. கனத்தைப் பிடிக்கத் தெரிந்த பிறகு மிதக்கவிடலாம்.

வயிற்றுப்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தாய். 1966இல் ஓவியர் பணிக்கரும் அவருடைய மாணவர்களும் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோது, பாத்திக் துணியும் கைவினைப் பொருளும் விற்றுத்தான் ஓவியத்துக்கு நேரம் சம்பாதித்தார்கள். நீ கல்யாண வீட்டு உருவப்படம் வரைவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாரத்தில் இரண்டு நாளை மட்டும் யாருக்கும் கொடுக்காதே.

வருகிற ஞாயிறு மூன்று மணிக்குச் சானடோரியம் ஸ்டேஷனில் நிற்கிறேன். மெரினாவுக்குப் போவோம். அங்கே சவாரிக் குதிரைகள் மணலில் கால் புதையப் புதைய நடக்கும். பெயின்ட் வேண்டாம், கரித்துண்டும் பழைய செய்தித்தாளும் எடுத்து வா. பின்னால் நிற்கும்போது உதைக்கு எட்டாத தூரத்தில் நிற்க வேண்டும்; எவ்வளவு தூரம் என்று குதிரைக்காரரிடமே கேட்டுக்கொள்வோம்.

அன்புடன்,
சேலையூரிலிருந்து உன் அண்ணன்