சென்ற கடிதமும் சேர்ந்த கடிதமும்

சிலப்பதிகாரத்தில் மாதவி கோவலனுக்கு இருமுறை ஓலை விடுக்கின்றாள். முதலோலை வசந்தமாலையின் கையிற் சென்றது. கோவலன் அதனை ஏலாது மறுத்துவிட்டான். இரண்டாம் ஓலையை மதுரைக்குச் செல்லும் வழியிற் கௌசிகன் என்னும் அந்தணன் கொடுத்தான். அதன்மேலிட்ட மண் இலச்சினையில் மாதவியின் கூந்தல் நெய்யின் மணம் கமழ்ந்தது. விடுத்தவள் யாரென்பதைப் பிரிக்குமுன்னரே உணர்ந்த கோவலன் பின்னர் அதனைப் பிரித்துப் படித்தான். ஓலை சென்றது ஈரிடத்தும் ஒப்பவேயாம், சேர்ந்தது ஓரிடத்தேதான். இவ்வேறுபாடு இக்காலத்து மின்னஞ்சலுக்கும் பெரிதும் பொருந்துமென்பதனைச் சென்ற ஆண்டு நிகழ்ந்த ஒரு நிகழ்ச்சியால் யாம் அறிய நேர்ந்தது.

திண்டிவனத்தை அடுத்த சிற்றூரினின்று வந்து எம்முடன் பயிலும் தோழி ஒருவர், ஓர் அறநிலையத்தின் உதவித்தொகையை நாடி, அதன் இணையதளத்தில் விண்ணப்பித்தார். வருமானச் சான்றிதழின் படி தெளிவாக இல்லை, ஏழு நாட்களுள் வேறு படி அனுப்புக என்று அத்தளம் தானாகவே ஒரு கடிதம் விடுத்தது. அவர் அதனைக் கண்டது ஒன்பதாம் நாள். அதுவும் வேறெதனையோ தேடுங்கால், வேண்டாக் கடிதங்கள் ஒதுக்கப்படும் ‘ஸ்பேம்’ பெட்டியில். அலுவலகத்தாரை உசாவியபோது, “எங்கள் கணக்கிற் கடிதம் அனுப்பப்பட்டதென்றே இருக்கிறது, அம்மா” என்றனர். அவர் கூற்றுப் பொய்யன்று. அதுவே இதிலுள்ள இடர்.

கணிப்பொறித் துறையில் பயிலும் நண்பர் ஒருவரைத் துணைக்கொண்டு, திண்டிவனத்தினின்று விழுப்புரம் செல்லும் பாசஞ்சர் வண்டியில் அமர்ந்தே அக்கடிதத்தை ஆராய்ந்தோம். மின்னஞ்சல் ஒவ்வொன்றின் பின்னும் சாதாரணமாகக் கண்ணுக்குப் புலனாகாத தலைக்குறிப்பு ஒன்றுண்டு. கடிதம் எந்தெந்த வழங்கியின் கைப்பட்டதோ அவ்வழங்கியெல்லாம் அதில் தன் பெயரையும் நேரத்தையும் ஒரு வரியாகப் பொறிக்கும். பழைய அஞ்சலட்டையில் ஊர்தோறும் முத்திரை விழுந்தவாறே இது. பிந்தியது மேலே நிற்குமாதலால் கீழிருந்து மேலாகப் படித்தல் வேண்டும். கல்வெட்டுப் படி வாசிப்பாரைப் போல நாங்கள் இருவரும் கைப்பேசியின்மீது குனிந்திருந்தோம். அறநிலையத்தின் தளத்திலிருந்து புறப்பட்ட கடிதம் நான்கே நொடியில் தோழியின் அஞ்சல் நிறுவனத்தை அடைந்திருந்தது. ஆகவே, வழியில் தாழ்ப்பு ஏதுமில்லை. வாயிலில் நின்ற காவலனே ஐயுற்றுக் கொல்லைப்புறத்தில் நிறுத்திவிட்டான்.

ஐயுற்றமைக்குக் காரணம் யாது? அதற்கு அஞ்சல் செல்லும் முறையைச் சிறிது கூறல் வேண்டும். 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 முதல் நம் நாட்டில் அஞ்சற் குறியீட்டெண் வழங்குகின்றது. திண்டிவனத்திற்கு 604001, விழுப்புரத்திற்கு 605602. கடிதம் பிரிப்பவர் பெறுநரை அறிய வேண்டுவதில்லை; எண்ணைக் கண்டு உரிய பையில் இடுவார். மின்னஞ்சலிலும் ‘@’ குறிக்குப் பின்னுள்ள களப்பெயரைக் கொண்டு, அப்பெயருக்குரிய பொதுப்பதிவேட்டில் ‘எம்.எக்ஸ்.’ என்னும் குறிப்பைத் தேடி, அதிற் கண்ட வழங்கிக்கு அனுப்புநரின் வழங்கி கடிதத்தைச் செலுத்தும். இதற்குரிய எஸ்.எம்.டி.பி. என்னும் நெறியை ஜான் போஸ்டல் 1982-இல் வரைந்தார். அக்காலத்தில் வலையிலிருந்தோர் சிலரே, பெரும்பாலும் ஒருவரையொருவர் அறிந்தவரே. எனவே, விடுப்பவன் தன் பெயரென்று எழுதியது மெய்தானா என்று வினவும் வழக்கம் அந்நெறியில் அமையவில்லை. எவரும் எவர் பெயரிலும் எழுதலாம்.

பிறர் பெயரில் எழுதுங் கேடு புதியதன்று. தெசலோனிக்கேயருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தில், தம் பெயரால் வரக்கூடிய போலி நிருபத்தைக் கண்டு கலங்கவேண்டாமென்று எச்சரித்த பவுல் அடிகள், முடிவில் தம் கைப்பட எழுதிய வாழ்த்தே அடையாளமென்கின்றார். மின்னஞ்சலுக்கு அத்தகைய அடையாளம் வகுக்கப் பல்லாண்டு சென்றது.

2006-இல் வெளியான எஸ்.பி.எஃப். என்பது, இக்களப்பெயரால் கடிதம் விடுக்கும் உரிமை இன்னின்ன வழங்கிக்கே உண்டு என்று உடையவரே பதிவேட்டில் எழுதிவைக்கும் ஒரு வரி. 2007-இல் வந்த டி.கே.ஐ.எம். மாதவியின் இலச்சினையை ஒக்கும். விடுப்பவர் தம்மிடமுள்ள மறைதிறவியாற் கடிதத்திற்கு ஒப்பமிடுவர். அதனைச் சோதிக்கும் பொதுத்திறவி பதிவேட்டிற் கிடக்கும். ஒப்பமிடப்பட்ட பகுதியில் ஓரெழுத்து மாறினும் ஒப்பம் பிழைபடும். ஒருவர் தமக்கு வந்ததை வேறொரு பெட்டிக்குத் தானே செல்லுமாறு திருப்பிவிட்டால் எஸ்.பி.எஃப். பெரும்பாலும் தோற்கும், டி.கே.ஐ.எம். ஒப்பம் கடிதம் சிதையாதவரை நிலைக்கும். ஆதலின் இரண்டும் வேண்டும். 2015-இல் வெளியான டிமார்க் என்பது, இவற்றுள் ஒன்றேனும் தேறி, அது பெறுநர் கண்ணிற் படும் களப்பெயரோடு பொருந்துகின்றதா என நோக்கும். பொருந்தாவிடில் விடுக, ஒதுக்குக, மறுக்க என மூன்றில் யாது செய்வதென்று உடையவர் விருப்பத்தையும் அறிவிக்கும்.

தோழிக்கு வந்த கடிதத்தின் தலைக்குறிப்பில் எஸ்.பி.எஃப். ஐயத்திற்குரியது என்றும், டி.கே.ஐ.எம். இல்லை என்றும் இருந்தது. அறநிலையத்தார் தம் அலுவலகக் கடிதங்களை விடுக்கும் நிறுவனத்தை மட்டும் பதிவேட்டில் எழுதியிருந்தனர். விண்ணப்பத்தளமோ வாடகைக்கு அமர்த்திய வேறொரு வழங்கியில் இருந்து, தானே கடிதம் விடுத்துக்கொண்டிருந்தது. அதன் பெயர் பதிவேட்டில் இல்லை. 2024 பிப்ரவரி முதல் கூகுள், யாஹூ நிறுவனங்கள் இவற்றைக் கண்டிப்பாக வேண்டுகின்றன. ஜிமெயிலுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதத்திற்கு மேல் விடுப்போர்க்கு மூன்றும் கட்டாயம். ஏனையோர்க்கு முதலிரண்டில் ஒன்றேனும் வேண்டும்.

அனுப்பப்பட்டதென்று அவர்கள் கணக்கு ஏன் கூறிற்று? பெறும் வழங்கி கடிதத்தை ஏற்றால் 250 என்னும் எண்ணை விடையாகத் தரும். நான்கில் தொடங்கும் விடை, இப்போதன்று, பின்னர் வருக என்பது. விடுப்பவர் சில நாள்வரை மீண்டும் மீண்டும் முயல்தல் முறை. ஐந்தில் தொடங்குவது அறுதியான மறுப்பு. 250 என்பது வாயிலில் வாங்கிக்கொண்டமைக்குச் சான்றேயன்றி, உள்ளறையில் எப்பெட்டியில் இட்டனர் என்பதற்குச் சான்றன்று. அவ்வலுவலகம் இதனைக் கைச்சாத்திட்டுப் பெற்ற ரசீதாகக் கொண்டுவிட்டது. எம் கருத்தில், பணமோ படிப்போ சார்ந்த அறிவிப்பிற்கு இஃது ஒருபோதும் போதாது. குறித்த நாளுள் மறுமொழி இல்லையேல் தொலைபேசியிலாயினும் அழைத்தல் தகும்.

கடிதம் விடுத்தலையே தொழிலாகக் கொண்ட நிறுவனத்தின் வழியாக அனுப்புதல் சிறிய தளங்கட்கு எளிது. சென்னையினின்று திண்டிவனம் வரும் இருப்புப்பாதையில், கூடுவாஞ்சேரிக்கு அருகே பெரிய அலுவலகமுடைய ஸோஹோ நிறுவனத்தின் ஜெப்டோமெயில் இத்தகையது. கடவுச்சொல் மாற்றம், ரசீது, விண்ணப்ப அறிவிப்புப் போன்றவற்றை மட்டுமே அது ஏற்கும், விளம்பரத்தை ஏலாது. இப்பிரிவினை நன்று. விளம்பரத்தைப் பலர் வேண்டாததெனக் குறித்தால் அதனை விடுத்த பெயரின் மதிப்புக் குறையும். அப்பெயரிற் செல்லும் இன்றியமையாக் கடிதமும் உடன் கெடும். எனினும் எந்நிறுவனத்தை அமர்த்தினும், பதிவேட்டில் உரிய வரிகளை எழுதும் கடமை களப்பெயர் உடையவரையே சாரும்.

தமிழ் மாணவர் அறியத்தக்கது ஒன்றுண்டு. 1982-ஆம் ஆண்டின் நெறி ஆங்கில எழுத்திற்கே அமைந்தது. யு.டி.எஃப்-8 முறையில் ‘கோ’ என்பது ஆறு பைட்டு. தொல்காப்பியர் ஓரெழுத்தென்றதனை இயந்திரம் அவ்வாறு எண்ணுகின்றது! 1992-இல் வந்த மைம் என்னும் முறைப்படி இவற்றை ஆங்கிலக் குறிகளாக மாற்றி அனுப்பலாம். தளத்தை அமைப்பவர் தலைப்பு வரியை அவ்வாறு மாற்ற மறந்தால், தமிழ்த் தலைப்புக் கேள்விக்குறிகளின் வரிசையாகப் போய்ச் சேரலாம். அத்தகைய கடிதத்தைத் திறக்க மக்களும் அஞ்சுவர்.

விழுப்புரத்தில் இறங்கிய அன்றே, கண்டவற்றை ஒரு தாளில் எழுதி அறநிலையத்தார்க்கு விடுத்தோம், மின்னஞ்சலிலன்று, விரைவஞ்சலில். இரு வாரத்தில் அவர்கள் பதிவேட்டைத் திருத்தி, தோழிக்குச் சோதனைக் கடிதம் ஒன்று அனுப்பினர். அது முகப்பிலேயே வந்து நின்றது, எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். இரண்டும் தேறியிருந்தன. அவ்வாண்டின் உதவித்தொகை அதற்குள் பிறர்க்கு வழங்கப்பட்டுவிட்டது. அவர் அடுத்த ஆண்டிற்கு விண்ணப்பித்திருக்கிறார். இப்போதெல்லாம் வைகறையில் ஸ்பேம் பெட்டியையே முதலில் திறக்கின்றார்.