ககாவின் பனியன்

கேள்வி: கால்பந்து என்றால் எனக்கு உயிர். கிறிஸ்தவனுக்கு இது தகுமா? வீரர்கள் மைதானத்திலேயே பக்தியைக் காட்டுவது விளம்பரம்தானா?

பதில்: தாராளமாக ரசியுங்கள். கொரிந்தியருக்கு எழுதிய பவுலே ஓட்டப்பந்தயத்தையும் குத்துச்சண்டையையும் உவமையாக்கியவர்தான். மைதானத்தில் காட்டும் பக்திக்கு ஓர் உதாரணம்: 2007, ஏதென்ஸ், சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டம். லிவர்பூலை மிலன் 2-1 என்று வென்றதும் மிலன் வீரர் ககா ஜெர்சியைக் கழற்றிவிட்டு முழங்காலிட்டார். உள்ளே வெள்ளைப் பனியனில், தான் இயேசுவுக்குச் சொந்தம் என்ற வாசகம். அதை விளம்பரம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. நன்றி சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அது. இன்றைய விதிகள் இத்தகைய வாசகங்களை அனுமதிப்பதில்லை. முழங்காலிடத் தடையில்லையே, அது போதும். தோற்ற அணியிலும் ஜெபித்தவர்கள் இருந்திருப்பார்கள். அதனால், கோலைக் கடவுள் கணக்கில் எழுதுவதுதான் எனக்கு உறுத்துகிறது. நீங்கள் ஆட்டத்தைப் பாருங்கள், நடுவரை மட்டும் வையாதீர்கள்.