முல்லைக் கொடி வளர்க்கும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

முல்லை மாடிக் கைப்பிடிச் சுவரைத் தாண்டித் தண்ணீர்த் தொட்டி வரை ஏறிவிட்டது, பூ மட்டும் ஒரு கைப்பிடிகூடத் தேறவில்லை என்று எழுதியிருந்தாய். நர்சரிக்காரரைச் சந்தேகப்படாதே. கொடிக்கு நோயும் இல்லை. நட்ட நாளிலிருந்து நீ அதை வெட்டவே இல்லை. முதல் காரணம் அதுதான்.

மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு மல்லிக் கன்று கேட்பவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். நீ முல்லையைத் தேர்ந்தெடுத்ததில் எனக்கு அத்தனை மகிழ்ச்சி. குண்டுமல்லி புதர், முல்லைதான் கொடி. அதனாலேயே அதன் குணம் வேறு. முற்றிய தண்டில் அது பூக்காது. புதிதாக விடும் சிம்புகளின் நுனியிலும் இலைக் கக்கத்திலும்தான் அரும்பு கட்டும். உன் கொடியில் இருப்பதெல்லாம் முற்றிய தண்டு. பச்சையாக, அழகாக இருக்கிறது. பூ எங்கிருந்து வரும்?

ஆகவே ஜனவரி கடைசி வாரத்தில் கவாத்து செய். குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. இரண்டையும் குழப்பிக்கொள்ளாதே. சில நாள் முன்பே தண்ணீரைக் குறைத்துக் கொடியைக் கொஞ்சம் வாட விடு. பிறகு கூரான கத்தரிக்கோலால் மண்ணிலிருந்து 45 செ.மீ. உயரத்தில் எல்லாக் கிளைகளையும் வெட்டு. காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, நோஞ்சான் தண்டு ஆகியவற்றை அடியோடு எடுத்துவிடு. மீதியிருக்கும் இலைகளையும் உருவிவிடு. வீட்டில் எல்லோரும் பதறுவார்கள், நீயும் பதறுவாய். பதறினாலும் பாதியில் நிறுத்தாதே. அரைகுறையாக நுனி கிள்ளிவிட்டால் மேலே நாலு கொழுந்து வரும், தூர் அப்படியே கட்டையாக நிற்கும்.

வெட்டியதும் தூரைச் சுற்றி மண்ணைக் கிளறித் தொழுஉரம் போட்டு, நிறையத் தண்ணீர் விடு. உரத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. முல்லைக்குத் தழைச்சத்து ஒரு பங்கு என்றால் மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இரண்டிரண்டு பங்கு வேண்டும். கவாத்து முடிந்ததும் பாதி, ஜூலையில் பாதி. நீ வாராவாரம் ஊற்றும் புண்ணாக்குக் கரைசலில் தழைச்சத்துதான் மிகுதி. கொடி இலையாகத் தள்ளியதற்கு அதுவும் ஒரு காரணம்.

துளிர்த்து வரும் சிம்புகளைக் கட்டுவதில்தான் கைத்திறமை இருக்கிறது. பாகலுக்கு இருப்பதுபோல் சுருண்டு பற்றும் இழை முல்லைக்குக் கிடையாது. தண்டே சுற்றிச் சுற்றி ஏற வேண்டும். நீ நட்டிருக்கும் பருத்த பிவிசி குழாயை அதனால் வளைத்துப் பிடிக்க முடியாது. மெல்லிய மூங்கில் குச்சியோ தென்னங்கயிறோ கட்டு. இன்னொன்று: நேரே மேலே ஏற விட்டால் கொடியின் பலம் முழுவதும் நுனிக்கே போய்விடும், கீழ்க் கணுக்கள் உறங்கும். அதே சிம்பை இடுப்பளவு உயரத்தில் பக்கவாட்டில் படுக்கவைத்துக் கட்டிப்பார். கணுவுக்குக் கணு பக்கச் சிம்பு கிளம்பும். ஒவ்வொன்றும் பூக்கிற சிம்பு. பந்தல் போடுகிறாய் என்றால் கை எட்டும் உயரத்தில் போடு, பறிக்கவும் வேண்டுமே.

தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். தொட்டியை மட்டும் சூடேறும் தளத்தில் வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வை. வேர் வேகாது, தண்ணீரும் தேங்காது.

இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தால் இரும்புச்சத்துப் பற்றாக்குறை. மண்ணில் இரும்பு இருந்தாலும், உப்பும் சுண்ணாம்பும் மிகுந்த போர்த் தண்ணீர் அதை வேருக்குக் கிடைக்காமல் செய்துவிடும். லிட்டருக்கு 5 கிராம் அன்னபேதி கரைத்து இலையில் தெளி. முடிந்தபோதெல்லாம் மழைநீரைப் பிடித்து ஊற்று.

பூச்சிகளில் நீ பழகிக்கொள்ள வேண்டியவை இரண்டு. மொட்டு ஊதா நிறமாகி ஒன்றோடொன்று நூலால் பின்னிக் கிடந்தால் உள்ளே மொட்டுப்புழு. கையால் பறித்து நசுக்கிவிடு, வீட்டுக்கு அதுவே போதும். இலையிலும் மொட்டிலும் வெள்ளையாகப் பஞ்சு படர்ந்தால் அது பூஞ்சை அல்ல, கண்ணுக்குத் தெரியாத சிலந்திப்பேன். பாதித்த நுனிகளை வெட்டி அப்புறப்படுத்திவிட்டு, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளி. வேப்பெண்ணெய் அடித்த வாரத்தில் கந்தகம் வேண்டாம், இலை கருகும்.

இந்தச் சிலந்திப்பேன் ஆண்டுதோறும் தொல்லை கொடுத்தால் அதைத் தாங்கும் பாரிமுல்லை ரகத்தில் ஒரு பதியன் வாங்கி, மழைக்காலத்தில் பக்கத்துத் தொட்டியில் வை.

அன்புடன்,
உன் அண்ணன்