பள்ளித் திடலில் பிராணிக் கணக்கு

பிராணிகள் நிலமெங்கும் சமமாகப் பரவி வாழ்வதில்லை. இரையும் நீரும் மறைவிடமும் ஒருங்கே கிடைக்குமிடத்தில் அவை மிகுந்து காணப்படும். இவ்வுண்மையைப் புத்தகத்தினால் கூறுவதினும், சிறுவரை வெளியே அழைத்துச் சென்று எண்ணச் செய்தலே நன்று. 1868இல் தொடங்கிய விவசாயப் பள்ளி 1906இல் கோயம்புத்தூருக்கு மாற்றப்படும் வரையில் நிலவிய சைதாப்பேட்டைக்கு, நிலத்தில் நின்று கற்கும் முறை புதியதன்று.

செய்முறை: மழைக்காலமே இதற்கு ஏற்றது. நான்கு முளைகளும் கயிறும் கொண்டு பக்கம் 1 மீட்டர் உள்ள சதுரம் அமைக்கவேண்டும். மர நிழலில் 10 இடங்களிலும், வெயில்படும் திடலில் 10 இடங்களிலும் இவ்வாறு அமைத்து, உள்ளிருக்கும் நத்தைகளைக் கையால் தொடாமல் எண்ணுதல் வேண்டும். நத்தை தென்படும் இடமாகப் பார்த்துச் சதுரம் இடலாகாது. இட்டால் கணக்கு மிகைப்படும். குறித்த அடிகளுக்கு ஒன்றாக இடுவதே முறை.

கணக்கு: நிழலில் 20 நத்தைகளும் திடலில் 1 நத்தையும் கிடைத்தன எனக் கொள்வோம். நிழற்பரப்பு 100 சதுர மீட்டராயின் அங்கே ஏறக்குறைய 200 இருக்கலாம். திடல் 400 சதுர மீட்டராயின் அங்கே 40. நிழலின் சராசரியையே திடலுக்கும் ஏற்றினால் 800 என்னும் தவறான விடை வரும். ஆகையால் உறைவிடந்தோறும் தனித்தனியே எண்ணுவது அவசியம்.

இதன் பயனை அருகிலுள்ள கிண்டியிலே காணலாம். 1978இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அக்காட்டின் பரப்பு சுமார் 2.7 சதுர கிலோமீட்டர். புள்ளிமான் புதர்க்காட்டிலும் வாழும். வெளிமானோ பெயருக்கேற்பத் திறந்த புல்வெளியை நாடுவது. பகையைத் தொலைவிலேயே கண்டு ஓடித் தப்பும் இயல்பினது. புல்வெளியில் புதர் மண்டுமாயின், பூங்காவின் பரப்பு குறையாமலே வெளிமானின் இடம் குறைந்துவிடும். வெற்றிடமெங்கும் மரம் நடுதல் எல்லா விலங்கிற்கும் நன்மை தரும் என எண்ணலாகாது.

குடியானவர்க்கும் இப்பாடம் உதவும். வயலில் எலிகள் அகன்று உயர்ந்த வரப்புகளிலேயே மிகுதியாக வளை தோண்டும். மாலையில் வளைகளையெல்லாம் மண்ணால் அடைத்து, மறுநாள் காலையில் திறந்திருப்பவற்றை எண்ணினால் எலி வாழும் வளைகள் இவை எனத் தெரியும். அங்கு மட்டும் கிட்டி வைத்தால் செலவும் உழைப்பும் குறையும்.

தேதி, நேரம், மழை, எண்ணிக்கை ஆகியவற்றைச் சிறுவர் குறிப்பேட்டில் எழுதிவைத்து, அதே இடங்களில் மாதந்தோறும் எண்ணி வருவாராக. பருவம் மாறப் பிராணிகளும் இடம் மாறுவதை அக்குறிப்பே காட்டும்.