நிழற்படம் பதிக்கும் விளக்குகள்

சங்கரன்கோவிலில் ஆடித்தபசு விழாக் காலத்தில், சுட்டெரிக்கும் ஞாயிற்றைத் தென்மேற்குக் காற்றுக் கொணரும் முகில் திடுமென மறைத்தலும், மறுகணமே விடுத்தலும் உண்டு. துணிப்பைகளிலும் மணவோலைகளிலும் திரையச்சு இடுவோர் தம் சட்டத்தை வெயிலிற் காட்டிப் படம் பதிப்பாராயின், இம்முகில் அவர்தம் காலக்கணக்கைக் குலைத்துவிடும். மதுரைக் காட்சிகளை 1858-இல் நிழற்படத் தொகுதியாக வெளியிட்ட லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயரும் ஞாயிற்றொளியையே நம்பிப் படியெடுத்தார். இன்று அப்பணிக்கு விளக்குகள் வந்துள்ளன. ஆயின் அவை யாவும் ஒரு தன்மையன அல்ல.

நம் கண்ணுக்கு மிக்க ஒளியாய்த் தோன்றுவதே படத்தை விரைந்து பதிக்குமென எண்ணுதல் இயல்பு. ஜான் ஹெர்ஷல் 1842-இல் கண்ட நீலப்படி முறையில் தாளிற் பூசும் இரும்புப்பு, புற ஊதாக் கதிருக்கும் அதனை அடுத்த ஊதா, நீல ஒளிகளுக்குமே இசையும். பழைய இழைவிளக்கோ ஆயிரம் வாட் ஆயினும் பெரும்பாலும் வெப்பத்தையே கொட்டும். ஆகலின், விளக்கு வாங்குமுன் வாட்டினும் அலைநீளத்தையே நாம் முதலிற் கேட்டறிதல் வேண்டும்.

முற்காலத்து அச்சகங்களில் கரிக்கோல்களிடையே எரிந்த வில்விளக்கு வலிமை மிக்கதே. புகையும் சாம்பலும் அதன் குறை. பாதரச ஆவிவிளக்கு 365 நானோமீட்டரில் வலிய கதிர் தரும். ஆனால் ஏற்றிச் சில நிமிடங்கள் கழிந்தே முழு வலிமை பெறும். அணைத்தால் ஆறுமளவும் மீண்டும் எரியாது. அதனால் அதனை அணையாமல், மூடியால் ஒளியை மறைத்தும் திறந்தும் பணிசெய்வர். இரும்பு அல்லது காலியம் சேர்ந்த மெட்டல் ஹாலைடு விளக்கு இதன் வழிவந்ததே.

கருநீலக் குழல்விளக்குகள் விலை குறைந்தவை, சூடும் குறைந்தவை. சிறு கடைகளுக்கு இவையே ஏற்றன என்பது நம் கருத்து. எனினும் ஒரு புள்ளியினின்று வரும் ஒளிபோல் இவற்றின் ஒளி நேரே விழாது, பல திசையினின்றும் சாய்ந்து விழும். படச்சுருளும் பூச்சும் இறுகப் பொருந்தாவிடத்து நுண்ணிய கோடுகள் மறைந்துபோம். எல்.இ.டி. விளக்கு நொடியில் எரியும். ஆயின் ஒரு குறுகிய அலைப்பட்டையே தரும். 395 நானோமீட்டர் விளக்கின்கீழ் நீலப்படி 365-ஐ நோக்கத் தாமதமாகவே பதியும்.

கிருமி கொல்லும் தெளிந்த குழல்விளக்கையும் புற ஊதா விளக்கென்றே விற்கின்றனர். அதன் 254 நானோமீட்டர் கதிரைச் சட்டத்தின் கண்ணாடியே தடுத்துவிடும், படம் பதியாது. மறைப்பின்றி அதன்முன் நின்றவர்க்கோ, சில மணி நேரத்தில் கண்ணில் மணல் விழுந்தாற்போன்ற நோவு தொடங்கும்.