பழுப்புக் குஞ்சு எங்கே போச்சு?



எலெக்ட்ரிக்கல் படிக்கிற பையன் மலரில் குருவியைப் பற்றி எழுதுகிறானே என்று நினைக்க வேண்டாம். இரண்டு சுவிட்சும் ஒரு பல்பும் தெரிந்தவர்களுக்கு இந்தக் கட்டுரை புரிந்துவிடும். எனக்கும் அப்படித்தான் புரிந்தது.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா சுமை தூக்குகிறார். கைச்செலவுக்காக மொட்டை மாடியில் ஒரு கூண்டு வைத்து ஜீப்ரா ஃபிஞ்ச் வளர்க்கிறேன். இதன் சொந்த ஊர் ஆஸ்திரேலியா. வாலில் கறுப்பும் வெள்ளையுமாக வரி இருப்பதால் இந்தப் பெயர். நம் வயல்காட்டுச் சில்லைக் குருவிக்குத் தூரத்துச் சொந்தம். ஆனால் சில்லையைப் பிடித்து வளர்க்கக் கூடாது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். ஜீப்ரா ஃபிஞ்ச் கூண்டிலேயே தலைமுறை தலைமுறையாகப் பிறந்து வளர்வது.

வளர்ப்பு ஒன்றும் கஷ்டமில்லை. தினை, சாமை, சுத்தமான தண்ணீர், கொத்திக்கொள்ள ஒரு கணவாய் ஓடு. முட்டை ஓட்டுக்குச் சுண்ணாம்புச் சத்து வேண்டுமே! சின்ன மண் கலயத்தைக் கட்டித் தொங்கவிட்டுக் கொஞ்சம் தேங்காய் நார் போட்டால் அதுவே கூடு கட்டிக்கொள்ளும். பெரும்பாலும் 4 முதல் 6 முட்டை. சேவலும் பெட்டையும் மாறி மாறி அடைகாக்கும். இரண்டு வாரத்துக்குள் பொரிக்கும். ஏறக்குறைய 20 நாளில் குஞ்சு வெளியே வரும். அப்போது அலகு கறுப்பாக இருக்கும், பிறகுதான் சிவக்கும். சேவலுக்குக் கன்னத்தில் ஆரஞ்சுப் பொட்டு வந்தபின் யார் ஆண், யார் பெண் என்று தெரியும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இதன் இயற்கை நிறம் சாம்பல். பழுப்பு என்பது பிறகு தோன்றிய மாற்று நிறம், அதற்குத்தான் விலை அதிகம். என்னுடைய முதல் ஜோடியில் சேவல் பழுப்பு, பெட்டை சாம்பல். 4 குஞ்சில் 2 பழுப்பு, 2 சாம்பல். ஆகா, அப்பா பாதி, அம்மா பாதி என்று நானே ஒரு விதி எழுதிக்கொண்டேன். அந்த இரண்டு பழுப்பும் பெட்டைகள் என்பதைக் கவனித்தேன். ஆனால் ஏன் என்று யோசிக்கவில்லை.

அதில் ஒரு பழுப்புப் பெட்டையைக் கடையில் வாங்கிய ஒரு சாம்பல் சேவலோடு ஜோடி சேர்த்து, எங்கள் தெரு டீக்கடை அண்ணாச்சிக்கு 600 ரூபாய்க்கு விற்றேன். "பாதிக் குஞ்சு பழுப்பா வரும் அண்ணாச்சி, நான் கேரண்டி" என்று வேறு சொன்னேன். 5 குஞ்சு வந்தது. ஐந்தும் சாம்பல்!

அண்ணாச்சி நேரே வீட்டுக்கு வந்துவிட்டார். "ஏலே, படிக்கிற பையன்னு நம்பித்தானே வாங்குனேன்" என்று வாசலில் நின்று சத்தம் போட்டார். அக்கம்பக்கம் எல்லாம் எட்டிப் பார்த்தது. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் போன பிறகு, "பணத்தைத் திருப்பிக் குடுத்துரு. குருவியும் அவருகிட்டயே இருக்கட்டும்" என்றார். அந்த 600 பரீட்சைக் கட்டணத்துக்கு வைத்திருந்தது. கொடுத்துவிட்டேன். கட்டணத்துக்கு அம்மா சங்கத்தில் கடன் வாங்கினார்.

நான் ஏமாற்றவில்லை, ஆனால் தவறு எங்கே என்றும் தெரியவில்லை. பத்தாம் வகுப்பு அறிவியல் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். மெண்டல் 1866-இல் வெளியிட்ட பட்டாணிக் கணக்கு இருந்தது, ஆனால் அதில் விடை இல்லை. பட்டாணியில் அவர் பார்த்த குணங்களில் அப்பா செடி எது, அம்மா செடி எது என்று மாற்றினாலும் முடிவு ஒன்றுதான். என் குருவியில் மாற்றியதும் முடிவு தலைகீழாகி விட்டதே! நூலகத்தில் தேடித்தான் விடை கிடைத்தது.

மனிதரில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம், ஆணுக்கு எக்ஸ் ஒன்று, ஒய் ஒன்று. பறவையில் இது மாறி இருக்கிறது. சேவலுக்கு இரண்டு இசட். பெட்டைக்கு இசட் ஒன்று, டபிள்யூ ஒன்று. பழுப்புக்கான ஜீன் இசட்டில் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது நம் பாஷைக்கு வருவோம். இறகில் கறுப்பு நிறமி உண்டாவதை ஒரு பல்பு என்று வையுங்கள். எரிந்தால் சாம்பல் குருவி. எரியாவிட்டால் கறுப்புக்குப் பதில் பழுப்பு. சேவலுக்கு இரண்டு சுவிட்ச், பேரலலில். ஒன்று ஆனில் இருந்தாலே பல்பு எரியும், இரண்டும் ஆஃப் ஆனால்தான் பழுப்பு. பெட்டைக்கு ஒரே சுவிட்ச். அது ஆஃப் என்றால் பழுப்பு, அவ்வளவுதான்.

இன்னும் ஒன்று. மகளுக்கு அம்மா டபிள்யூவைக் கொடுத்துவிடுகிறாள். ஆகவே மகளின் ஒரே சுவிட்ச் அப்பாவிடமிருந்து மட்டுமே வரும்!

என் முதல் ஜோடியைப் பாருங்கள். பழுப்பு அப்பாவிடம் இரண்டும் ஆஃப். எனவே எல்லா மகளும் பழுப்பு. மகன்களுக்கு அம்மாவின் ஆன் சுவிட்ச் கிடைப்பதால் எல்லாரும் சாம்பல். அண்ணாச்சி ஜோடியில் அப்பாவுக்கு இரண்டும் ஆன். மகள்களும் சாம்பல், மகன்களும் சாம்பல். பாதி என்று நான் எழுதிய விதி, 2 சேவலும் 2 பெட்டையும் பிறந்த தற்செயல்தான். இதே மாதிரி பரம்பரைக் கணக்கைக் கேனரிக் குருவியின் பழுப்பு நிறத்தில் 1908-லேயே ஃப்ளாரன்ஸ் டர்ஹாம், டொரோத்தியா மேரியட் என்ற இரு பெண்மணிகள் எழுதி வைத்திருக்கிறார்கள்.

எல்லா நிறமும் இப்படி அல்ல. வெள்ளை நிறம் இசட்டில் இல்லை. அது மெண்டல் கணக்குப்படியே நடக்கும். தாய், தகப்பன் இருவரிடமும் மறைந்திருந்தால் சாம்பல் ஜோடிக்கும் வெள்ளைக் குஞ்சு வரும். கொண்டை வைத்த குருவிகள் இரண்டை மட்டும் ஜோடி சேர்க்காதீர்கள். இருபக்கமும் கொண்டை ஜீன் வாங்கிய குஞ்சு முட்டையிலேயே செத்துவிடும் என்பார்கள்.

ஆனால் அண்ணாச்சியின் சாம்பல் குஞ்சுகள் வீண் இல்லை. மகன்கள் ஒவ்வொருவரிடமும் அம்மா கொடுத்த ஆஃப் சுவிட்ச் ஒன்று ஒளிந்திருக்கிறது. வெளியே தெரியாது, அவ்வளவுதான். வேறு ஒருவரிடம் மாற்றி வாங்கிய ஒரு பழுப்புப் பெட்டையை (ரத்த சொந்தத்தில் ஜோடி சேர்த்தால் குஞ்சு பலவீனமாகும்) எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனேன். "அண்ணாச்சி, காசு வேண்டாம். உங்க மகன் குருவி ஒண்ணோட இதைச் சேருங்க. ஆணோ பெண்ணோ, பாதிக்குப் பாதி பழுப்புக்கு வாய்ப்பு உண்டு" என்றேன். இந்தத் தடவை கேரண்டி என்ற வார்த்தையை வாயில் எடுக்கவில்லை. ஏனென்றால் இது காசு சுண்டுகிற கணக்கு. 4 முட்டையில் ஒன்றுகூடப் பழுப்பாக வராமல் போக 16-இல் ஒரு வாய்ப்பு இருக்கிறது. அந்த ஒன்றை நினைத்து ஒரு மாதம் எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

4 குஞ்சு வந்தது. இறகு முளைத்ததும் அண்ணாச்சி ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். அப்பாவும் கூட வந்தார். கலயத்துக்கு வெளியே குச்சியில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. 3 பழுப்பு, 1 சாம்பல்.

"பாதின்னுதானலே சொன்னே?" என்றார் அண்ணாச்சி.

விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா, "அவன் எழுதிக் காட்டுவான், நோட்டு இருந்தா குடுங்க அண்ணாச்சி" என்றார். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் சுவிட்சும் பல்பும் வரைந்து காட்டினேன்.