களைத்த கால்களுக்கு ஓய்வு

விளையாட்டு விழா நெருங்கினால் மாலைதோறும் ஓட்டமும் தாண்டலுமே நம் வேலை. மறுநாள் மாடிப்படி இறங்கும்போது தொடைகள் 'ஐயோ' என்று அலறுகின்றன. இவ்வலி எதனால் உண்டாகிறது?

தசையில் லாக்டிக் அமிலம் தேங்குவதே காரணம் என்று நெடுங்காலம் நம்பினர். ஆனால் ஓடி முடித்த ஒரு மணி நேரத்துக்குள் அது பெரும்பாலும் நீங்கிவிடுகிறது. பழக்கமில்லாத கடும் பயிற்சியால் தசை இழைகளில் ஏற்படும் நுண்ணிய சேதமே மறுநாள் வலிக்குக் காரணம். அமெரிக்க அறிஞர் தியோடர் ஹஃப் 1902-ஆம் ஆண்டிலேயே இக்கருத்தை எழுதினார். வலி 24 முதல் 72 மணி நேரத்துக்குள் உச்சமடைந்து, சில நாட்களில் தணியும். அதற்குள் உடல் அந்த இழைகளைச் சீர்ப்படுத்திவிடும். அடுத்த முறை அதே பயிற்சி அவ்வளவு வலிக்காது.

அதுவரை செய்யவேண்டியவை:

1. ஓரிரு நாள் கடும் பயிற்சியை நிறுத்தி, மெல்ல நடக்கலாம்.

2. தண்ணீர் நன்றாகக் குடிக்கவேண்டும். சோறு தசைகளுக்குச் சக்தி தரும். பருப்பும் முட்டையும் அவற்றைச் சீர்ப்படுத்தும் புரதம் தரும்.

3. நம் வயதினருக்கு இரவில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை.

ஒரு கால் மட்டும் வீங்கினாலோ, சிறுநீர் தேயிலைச் சாயம்போல் கறுத்தாலோ உடனே மருத்துவரிடம் செல்லவேண்டும்.

அணியில் இடம் போய்விடுமே என்று வலியை மறைக்கும் தோழியரே! ஆசிரியையிடமும் அம்மாவிடமும் தயங்காமல் கூறுங்கள். படைப்பை முடித்த இறைவனே ஏழாம் நாள் ஓய்ந்திருந்தாரே! ஓய்வும் பயிற்சியின் ஒரு பாகமே.